பெண்கள் ரக்பி லீக்: ஆட்டமும் சம்பளமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. சிட்னி அக்கோர் மைதானத்தில் ஆஸ்திரேலியப் பெண்கள் ரக்பி லீக்கின் இறுதி ஆட்டம். அதுவரை சீசன் முழுக்கத் தோல்வியே காணாமல் வந்த சிட்னி ரூஸ்டர்ஸை பிரிஸ்பேன் பிராங்கோஸ் 22–18 என்று மடக்கியது. பிராங்கோஸ் கேப்டன் அலி பிரிகின்ஷாவுக்கு அப்போது 35 வயது. நான் சிட்னியின் மேற்கே, டூங்காபியில் இருக்கிறேன். ஆட்டம் முடிந்த கையோடு குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்தால் மதுரை, கோவை, டொராண்டோ என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள். பிறகும் நின்றபாடில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ரக்பியும் ரக்பி லீக்கும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே வீட்டில் பிறந்து, கூலித் தகராறில் பாகம் பிரிந்துகொண்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் நிறையப் பேர் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்த இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று வடக்கு க்ளப்புகள் கேட்டன. ஆட்டம் என்பது பொழுதுபோக்கு, அதற்குக் காசா என்று தெற்கத்திப் பெரிய மனிதர்கள் மறுத்துவிட்டார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய க்ளப்புகள் தனியாகப் பிரிந்தன. அதுதான் ரக்பி லீக். பழைய வீட்டிலேயே இருந்துவிட்டது ரக்பி யூனியன். உலகக் கோப்பை என்று இந்தியாவில் டிவியில் எப்போதாவது பார்த்திருந்தால் அது பெரும்பாலும் யூனியனாகத்தான் இருக்கும்.

இந்தக் கூலிக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்ப வரும்.

ஆட்டத்தை இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியுமா?

கபடி தெரிந்தவர்களுக்குச் சுலபம். பக்கத்துக்கு 13 பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணி எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஓடித் தரையில் அழுத்தினால் அது டிரை, 4 புள்ளி. அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பந்தை முன்னால் இருப்பவருக்கு எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடுபவரை எதிரணி கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம், அது டேக்கிள்.

யூனியனில் டேக்கிள் ஆனதும் ஆளும் பேரும் மேலே விழுந்து பந்துக்குப் போராடுவார்கள். லீக்கில் அது கிடையாது. பிடிபட்டவர் எழுந்து நிற்க விட்டுவிட வேண்டும். அவர் பந்தைக் காலடியில் வைத்துக் குதிகாலால் பின்னுக்கு உருட்டுவார், பின்னால் நிற்பவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததுமே பெரும்பாலும் பந்தை உயரமாக உதைத்துவிடுவார்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் அந்தக் குதிகால் உருட்டலைக் கவனியுங்கள். எழுவது, வைப்பது, உருட்டுவது எல்லாம் இரண்டு மூன்று விநாடி. எந்த அணி களைத்துவிட்டது என்பது ஸ்கோர் போர்டுக்கு முன்னால் அங்கேதான் தெரியும்.

பெண்கள் லீக் 30 நிமிடப் பாதிகளோடு ஆரம்பித்தது. பிறகு அதை 35 ஆக்கினார்கள். ஆண்களுக்கு 40.

பெண்கள் இப்போதுதான் ஆட ஆரம்பித்தார்களா?

1921 செப்டம்பரிலேயே சிட்னியில் பெண்கள் ஆடியிருக்கிறார்கள். 20,000 பேருக்கு மேல் கூடினார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மேகி மலோனி என்பவர் அந்த ஆட்டத்தில் நான்கு டிரை போட்டார். இவ்வளவு கூட்டம் வந்தால் அடுத்து என்ன செய்வார்கள்? இன்னொரு ஆட்டம் வைப்பார்கள் என்றுதானே நினைப்போம். ஆட்டத்தை நடத்தியவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

அதன்பின் நீண்ட இடைவெளி. 1990களில்தான் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தேசியப் பெண்கள் அணி ஒழுங்காக உருவானது. அதற்கு ஜில்லரூஸ் என்று பெயர். 1999 முதல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிகள் வருடந்தோறும் மோதின. குயின்ஸ்லாந்து 2015 வரை ஒரு தொடரைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதன் கேப்டன் கேரின் மர்பியின் பெயரில்தான் இன்று இறுதி ஆட்டத்தின் சிறந்த வீராங்கனைக்குப் பதக்கம் தருகிறார்கள். அந்தத் தலைமுறைக்குச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. பயணச் செலவும் சொந்தக் கைக்காசுதான், இல்லாவிட்டால் ஊரில் வசூல் செய்து போக வேண்டும்.

காசு கொடுத்து ஆடவைக்கும் லீக் எப்போது வந்தது?

2018ல். பெயர் என்ஆர்எல்டபிள்யூ. ஆண்களின் தேசிய ரக்பி லீக் என்ஆர்எல், இது அதன் பெண்கள் பிரிவு. முதல் வருடம் பிரிஸ்பேன், ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா, நியூஸிலாந்து வாரியர்ஸ் என்று நான்கே அணிகள். மூன்று சுற்று, உடனே இறுதி ஆட்டம், ஒரு மாதத்தில் கடை கட்டியாகிவிட்டது. 2023ல் பத்து அணிகள். 2025ல் பன்னிரண்டு அணிகள், 11 சுற்றுகள்.

அதற்கு முன்பே 2016ல் ருவான் சிம்ஸ் ஒரு என்ஆர்எல் க்ளப்போடு ஒப்பந்தம் போட்ட முதல் பெண் ஆனார். அவருடைய தம்பிகள் மூன்று பேர் ஆண்கள் லீக்கில் ஆடியவர்கள். ருவான் தீயணைப்பு வீராங்கனையாகவும் வேலை பார்த்தவர்.

சரி, சம்பளம் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள்.

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

2023ல் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ஆஸ்திரேலிய டாலர். 2027ல் அது 50,600 ஆகும் என்று ஒப்பந்தம். ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சிட்னியில் சுமாரான ஒரு வீட்டுக்கு வருட வாடகை கொடுக்கவே அந்த 30,000 சரியாகிவிடும். ஆஸ்திரேலியாவில் அதே 2023 ஜூலையில் முழுநேர வேலைக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 882 டாலர் 80 சென்ட். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 45,000க்கு மேல். அதாவது நாட்டின் முதல்நிலை வீராங்கனை ஒருத்தி, கடையில் பொருள் அடுக்கும் வேலையை முழுநேரமாகச் செய்பவரைவிடக் குறைவாக வாங்கக்கூடும்.

ஆண்கள் பக்கம் அதே வருடம் முதல் 30 பேர் பட்டியலில் இருப்பவருக்குக் குறைந்தது 1,20,000. ஓர் அணி மொத்தமாகச் சம்பளத்துக்குச் செலவழிக்க உச்சவரம்பு உண்டு. 2023ல் ஆண்கள் அணிக்கு அது ஒரு கோடியே 21 லட்சம் டாலர், பெண்கள் அணிக்குச் சுமார் 9 லட்சம். இந்த 9 லட்சத்தை 24 பேருக்குப் பிரிக்க வேண்டும். பெண்கள் சீசன் சிறியது, டிவி வருமானம் ஆண்கள் ஆட்டத்தில்தான் வருகிறது என்று வாதம் சொல்வார்கள். சீசன் சிறியது என்பது உண்மை. ஆனால் சீசன் எவ்வளவு நீளம் என்பதை முடிவு செய்வது வீராங்கனைகள் இல்லையே.

இந்த 30,000கூடத் தானாக வந்துவிடவில்லை. 2023 ஜூலையில் ஆட்டக்காரர்கள் சங்கமும் லீக் நிர்வாகமும் முறுக்கிக்கொண்டு நின்றன. வீரர்கள் ஆட்ட நாளில் பேட்டி கொடுக்க மறுத்தார்கள், ஜெர்சியில் இருந்த லீக் முத்திரையை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் பெண்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டார்கள். சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் அப்போது வந்தவை. கூலி கேட்டு 1895ல் பிரிந்து வந்த ஆட்டத்தில், பெண்களுக்கான கூலி ஒப்பந்தம் எழுத 128 வருடம் ஆகியிருக்கிறது.

அப்படியானால் வேறு வேலையும் பார்க்கிறார்களா?

நிறையப் பேர் பார்க்கிறார்கள். ஆசிரியர், நர்ஸ், போலீஸ், உடற்பயிற்சியாளர், கல்லூரி மாணவி என்று எல்லா வகையும் உண்டு. பயிற்சி மாலையில் இருந்த காலத்தில் விடிகாலை ஜிம், பகலில் வேலை, ஐந்து மணிக்கு மைதானம், வீடு திரும்ப ஒன்பது என்று ஓடினார்கள். பெரிய க்ளப்புகளில் இப்போது பகலில் பயிற்சி வைக்கிறார்கள். அதில் இன்னொரு சிக்கல்: சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் லீவு கொடுத்து, முடிந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் முதலாளி வேண்டுமே. அப்படி ஒருவர் கிடைத்தால் அதுவே பாதி ஒப்பந்தம்.

தூரமும் ஒரு செலவுதான். கெஸி ஆப்ஸ் என்ற வீராங்கனை நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியில் பேகா என்ற ஊர்க்காரர். ஆரம்ப காலத்தில் வாரக்கடைசி ஆட்டத்துக்காக அங்கிருந்து இல்லவாரா பக்கம் ஹெலன்ஸ்பர்க் வரை தானே கார் ஓட்டிக்கொண்டு வருவார். போக வரச் சுமார் பத்து மணி நேரம். நம்ம ஊரில் தென்காசியிலிருந்து திருச்சிக்குப் போய், ஒரு மணி நேரம் அடி வாங்கிவிட்டு, அன்றே திரும்புவது மாதிரி. பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவின் கேப்டன்களில் ஒருவர் ஆனார்.

ஒரு வீராங்கனையின் வாழ்க்கைப் பயணம் எப்படி இருக்கும்? யாராவது ஒருவரைச் சொல்லுங்கள்.

அலி பிரிகின்ஷாவையே எடுத்துக்கொள்வோம்.

1989 டிசம்பரில் பிறந்தவர், குயின்ஸ்லாந்தின் இப்ஸ்விச் ஊர். அப்பா லேரியும் இந்த ஆட்டம் ஆடியவர். அலி வளர்ந்த காலத்தில் சின்னப் பெண்கள் பையன்களோடு சேர்ந்து ஆடலாம், ஆனால் 12 வயதோடு சரி. அதற்குமேல் கலப்பு ஆட்டம் கிடையாது, பெண்களுக்குத் தனிப் பிரிவும் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. ஒரு பெண்ணுக்கு ஆட்டம் பிடிபட ஆரம்பிக்கும் வயதில், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். அந்தத் தலைமுறையின் பேட்டிகளில் இந்த 12 வயதுக் கதை வராத பேட்டி அபூர்வம்.

2009ல் அலி குயின்ஸ்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆட வந்துவிட்டார். அவருடைய இடம் ஹாஃப்பேக். பந்து யாருக்குப் போக வேண்டும், எப்போது உதைக்க வேண்டும் என்று அணியை ஓட்டுபவர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் கேப்டனாகவும் இருந்தால் எப்படியோ அப்படி, எல்லாப் பந்தும் அவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். 2000, 2003, 2008 என்று முதல் மூன்று உலகக் கோப்பையையும் நியூஸிலாந்து தூக்கிக்கொண்டு போயிருந்தது. அலி இருந்த ஆஸ்திரேலிய அணி 2013, 2017 இரண்டிலும் நியூஸிலாந்தையே தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. கொரோனாவால் தள்ளிப்போய் 2022 நவம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த அடுத்த இறுதி ஆட்டத்திலும் ஆஸ்திரேலியா நியூஸிலாந்தை 54–4 என்று அடித்தது. அதை ஆட்டம் என்று சொல்வதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

லீக் ஆரம்பித்தபோது அலிக்கு 28 வயது. பல விளையாட்டுகளில் அது உச்சத்தைத் தொட்டு இறங்கப் பார்க்கும் வயது, இவருக்கோ அதுதான் சம்பளத்தின் முதல் வருடம். 2018, 2019, 2020 மூன்று வருடமும் பிராங்கோஸ் சாம்பியன். 2020ல் ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான டாலி எம் பதக்கமும் அவருக்கே. அப்புறம் நான்கு சீசன் கோப்பை இல்லை. ஐந்தாவதில்தான் நான் வாட்ஸாப்பில் போட்ட படம்.

இன்றைய பெண்ணுக்குப் பாதை வேறு. ஊர் க்ளப், 17 வயதுக்குட்பட்டோருக்கான லீசா ஃபியோலா கோப்பை, 19க்குட்பட்டோருக்கான டார்ஷா கேல் கோப்பை, மாநில லீக், அதற்கப்புறம் தேசிய லீக். இரண்டு கோப்பையும் முன்னாள் வீராங்கனைகளின் பெயரில் இருப்பதைக் கவனியுங்கள். 12 வயதுப் பள்ளத்தை மூடிவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு அணி மாறுகிறார்கள்? விசுவாசம் கிடையாதா?

ஒரு வருட ஒப்பந்தத்துக்கு எத்தனை வருட விசுவாசம் வேண்டும்?

2022ல் ஒரு கூத்து நடந்தது. கொரோனாவால் தள்ளிவைத்த 2021 சீசனை 2022ன் தொடக்கத்தில் நடத்தினார்கள். புதிதாக வந்த நியூகாசில் நைட்ஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் அடுத்த சீசன். நடுவில் எல்லார் ஒப்பந்தமும் முடிந்திருந்ததால் சந்தை திறந்தது. பிரிஸ்பேனிலிருந்து மில்லி பாய்ல், டமிகா அப்டன் போன்றவர்கள் நியூகாசிலுக்குப் போனார்கள். அக்டோபரில் நியூகாசில் சாம்பியன், பரமட்டாவை 32–12 என்று அடித்தார்கள். ஏப்ரலில் கடைசி இடம், அக்டோபரில் கோப்பை. எங்கள் வீட்டுப் பக்கத்து அணி பரமட்டா என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்டன் 2025ல் பிரிஸ்பேனுக்கே திரும்பினார். அந்த வருடக் கோப்பையும் டாலி எம் பதக்கமும் அவர் கணக்கில். எங்கே போனாலும் கோப்பை கூடவே போகிறது என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஒலிம்பிக் வீராங்கனைகளும் வருகிறார்களாமே?

வருகிறார்கள். 2016 ரியோவில் ரக்பி செவன்ஸ் (யூனியனில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் வகை) தங்கம் வென்ற எம்மா டோனெகாட்டோ, எவானியா பெலீட் இருவரும் லீக்குக்கு வந்தார்கள். டோனெகாட்டோ 2013 உலகக் கோப்பையிலேயே லீக் ஆடியவர், அதனால் அவருக்கு இது தாய்வீடு திரும்பியது மாதிரி. திரும்பிய முதல் சீசனிலேயே மில்லி பாய்லோடு டாலி எம் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அடிபடாதா?

படும். மழுப்பிப் பிரயோஜனமில்லை.

எல்லாரும் பயப்படுவது முழங்கால் லிகமென்ட். யாரும் தொடக்கூட வேண்டாம், ஓடும்போது சட்டென்று திசை திரும்பினாலே கிழியலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த அபாயம் அதிகம் என்பது எல்லா விளையாட்டிலும் தெரிந்த விஷயம். அறுவை சிகிச்சை செய்து திரும்ப ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். சில மாதச் சீசன் என்றால் ஒரு கிழிசல் ஒரு முழுச் சீசனைத் தின்றுவிடும். ஒரு வருட ஒப்பந்தக் காலத்தில் அது வேலையையே தின்றது. பல வருட ஒப்பந்தமும் காப்பீடும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கேதான் புரியும்.

அடுத்தது தலை. மோதலில் தலை அதிர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் உடனே வெளியே கூட்டிப்போய் மருத்துவர் சோதிப்பார். அதிர்ச்சி உறுதியானால் 2023ல் கொண்டுவந்த விதிப்படி பொதுவாக 11 நாள் ஆடக்கூடாது. ஆடியே தீருவேன் என்று நிற்கும் வீராங்கனையிடமிருந்தே அவளைக் காப்பாற்றும் விதி இது.

குழந்தை பெற்றுக்கொண்டால் அவ்வளவுதானா?

அப்படித்தான் இருந்தது. சாம் பிரெம்னர் 2022 உலகக் கோப்பைக்கு இரண்டு குழந்தைகளின் அம்மாவாகத் திரும்பி வந்து, அலி, கெஸி ஆப்ஸ் இருவரோடு மூன்றாவது கேப்டனாக இருந்தார். அவர் விதிவிலக்கு. விதி வந்தது அடுத்த வருட ஒப்பந்தத்தில்.

ஆட்டம் பிறந்த இங்கிலாந்தில் நிலைமை எப்படி?

ஆஸ்திரேலியாவைவிடப் பின்தங்கியிருக்கிறது. பெண்கள் சூப்பர் லீக் 2017ல் ஆரம்பித்தது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் இது வேலைக்குப் பின்னான ஆட்டம்தான். 2023ல்தான் பெண்கள் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம் முதன்முறையாக வெம்பிளியில் நடந்தது, செயின்ட் ஹெலன்ஸ் லீட்ஸை வென்றது. அதே வருடம் ஹாலி மே டாட் போன்றவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிட்டார்கள்.

முழுநேரப் பயிற்சிக்கும் மாலைநேரப் பயிற்சிக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணில் பார்க்க வேண்டுமானால், 2025 மார்ச் 1 அன்று லாஸ் வேகாஸில் ஆஸ்திரேலியா 90, இங்கிலாந்து 4.

ஓய்வு பெற்றபின்?

பயிற்சியாளர், டிவி வர்ணனை, அல்லது பழைய வேலை. கேரின் மர்பி கோல்டு கோஸ்ட் டைட்டன்ஸின் பயிற்சியாளராகி 2023ல் அவர்களை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்.

எங்கே பார்க்கலாம்?

ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை சீசன். ஆஸ்திரேலியாவில் சேனல் நைன் டிவியும் கயோ ஸ்ட்ரீமிங்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லீக்கின் சொந்தச் செயலி. சிட்னியில் இருந்தால் டிவியை விடுங்கள், மைதானத்துக்கே போங்கள்.

என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. சேர்க்கலாமா?

என் மகளும் அந்த வயதில்தான் சேர்ந்தாள். பாட்டி போனில் அழுதார். எடுத்த எடுப்பில் டேக்கிள் வேண்டாம் என்றால் லீக் டேக் என்று ஒன்று இருக்கிறது: இடுப்பு பெல்ட்டில் இரண்டு துணிப்பட்டை தொங்கும், அதைப் பிடுங்கினால் பிடிபட்டதாகக் கணக்கு. ஒரு வருடம் அதில் விட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் அவளே டேக்கிள் கேட்பாள்.

க்ளப் பதிவு பொதுவாக இங்கத்திக் கோடை விடுமுறையில், அதாவது டிசம்பர், ஜனவரி வாக்கில் திறக்கும். பல்லுக்குப் போடும் மவுத்கார்டை முதல்நாள் இரவே தயார் செய்யுங்கள். வெந்நீரில் போட்டு இளக்கி, சூடு ஆறுவதற்குள் வாயில் வைத்துக் கடித்து அச்சு எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு அவசரத்தில் செய்ததில் அச்சு கோணிக்கொண்டுவிட்டது, அவள் ஆட்டம் முழுக்க வாயைக் கோணிக்கொண்டே ஓடினாள். இடைவேளைக்கு ஆரஞ்சுப் பழத்தை நான்காக வெட்டி டப்பாவில் கொண்டுபோவது ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டு முறை, உங்கள் முறை வரும்போது இரண்டு கிலோவாவது வாங்குங்கள். பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் பாதம் வளர்ந்துவிடும், அளவு விட்டுப்போன பழைய ஜோடி அதே க்ளப்பில் யாரிடமாவது நிச்சயம் இருக்கும்.